நெட்டுக்குத்தா நிக்கணும்

அம்புரோஸ்: நிக்குமா, நிக்காதா? அத்தச் சொல்லு மொதல்ல.

மஜீது: அங்கிள், இது நாப்பத்தொம்பது இன்ச்சு அல்ட்ராவைடு. அகலத்துக்குன்னே செஞ்ச மானிட்டரு. இத்தப் போயி நெட்டுக்குத்தா நிக்க வெக்கணும்னா... டோல்கேட்டுல நான் கடை போட்ட நாள்லேர்ந்து யாரும் கேட்டதில்ல.

அம்புரோஸ்: அப்போ நான்தான் மொத ஆளு.

ஐரீன்: தப்பா நெனைச்சிக்காத மஜீது. ஆர்பர்ல பெரிய கப்பலுக்குக் கயிறு கட்டி இழுக்கற டக்கு போட்டு ஓட்டுன மனுசன். ரிட்டயர் ஆனதுலேர்ந்து எத்தயாச்சும் இழுத்துக்கினே இருக்கணும் இவருக்கு.

மஜீது: ஆன்ட்டி, இது வளைஞ்ச மானிட்டரு. நெட்டுக்குத்தா வெச்சா பாம்பு படமெடுத்த மாதிரி தலை மேல கவுந்துக்கும்.

அம்புரோஸ்: கவுந்துக்கட்டும். வெயிலு படாது.

மஜீது: சரி, இந்த முப்பத்திநாலு இன்ச்சப் பாருங்க. இதுவும் ஓலெட்டு ஸ்க்ரீனுதான். கறுப்புன்னா அசல் கறுப்பு.

அம்புரோஸ்: கறுப்பா? ராயபுரத்துல எங்க வூட்டு ஜன்னல் கம்பியில ஒரு வெரல வெச்சி எடு. ஓசியிலயே கெடைக்கும்.

மஜீது: செகண்டுக்கு எரநூத்தி நாப்பது தபா படம் மாறும் அங்கிள்!

அம்புரோஸ்: எனக்கு மணிக்கு ஒரு தபா நகந்தா போதும்பா.

மஜீது: மணிக்கு ஒரு தபா நகர்ற கேமா... பின்னாடி லைட்டப் பாருங்க, செவப்பு, பச்சை, நீலம்...

ஐரீன்: ஐய, மாதா கோயில் திருவிழா சீரியல் லைட்டு மாதிரியே கீது.

மஜீது: யாருக்கு வாங்கறீங்க அங்கிள்? அத்தச் சொன்னீங்கன்னா...

அம்புரோஸ்: அது... தோஸ்து ஒருத்தன். அவன் புள்ளைக்கு.

ஐரீன்: தோஸ்து பேரு இன்னா?

அம்புரோஸ்: ...குணசேகரன்.

ஐரீன்: குணசேகரனுக்குக் கல்யாணமே ஆவலியே.

அம்புரோஸ்: நீ செத்த சும்மா இருமே! மஜீது, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஒரே படம் ரொம்ப நாளு நின்னா... ஒட்டிக்குமா?

மஜீது: ஓலெட்டுல அது ஒண்ணுதான் பேஜாரு. ஒரே படத்த அணைக்காம வுட்டா, நெழல் மாதிரி உள்ளயே தங்கிடும். உங்க புள்ள ஃப்ரெடி வாங்கறப்பவே படிச்சிப் படிச்சி சொல்லித்தான் குடுத்தேன்... அங்கிள், ஃப்ரெடி மானிட்டரு நல்லாத்தான கீது?

ஐரீன்: சொல்லுய்யா.

அம்புரோஸ்: கீது, கீது... கொஞ்சமா எண்ணூர் ஒட்டிக்கிச்சு.

மஜீது: எண்ணூரா?

ஐரீன்: கொஞ்சமா? காசிமேட்டுலேர்ந்து முகத்துவாரக்குப்பம் வரைக்கும்! எந்தக் கப்பலு எங்க நிக்குதுன்னு காட்டற மேப்பு கீதே, அத்தப் போட்டுட்டு அணைக்கவே மாட்டாரு. சோறு அது முன்னாடி, ஜெபம் அது முன்னாடி.

அம்புரோஸ்: நம்ம கடக்கரை வடக்கு தெக்கா ஓடுது. இவனுங்க மானிட்டர கெழக்கு மேற்கா செஞ்சி வெச்சிக்கிறானுங்க. யாரு தப்பு? அதான் ஃப்ரெடியோடதக் கழட்டி, அரிசி டிரம்முல சாச்சி, நெட்டுக்குத்தா நிக்க வெச்சேன். மேப்ப மட்டும் இவ திருப்பிக் குடுத்தா. அப்புறம் பாரு... மொத்த ஆர்பரையும் வூட்லேர்ந்து நான்தான் ஓட்டினேன்! சிங்கப்பூர் கப்பலெல்லாம் நான் தலையாட்டுனாத்தான் உள்ள வரும்.

ஐரீன்: இப்போ பழையபடி படுக்க வெச்சா, கேமுல சண்டை போடறவன் தலைக்கு மேல வங்காள விரிகுடா நிக்குது. நாளைக்கு ஃப்ரெடி லீவுல வரான்.

மஜீது: இவ்ளோதானா? அவன் என் தோஸ்து. திட்டாம நான் பாத்துக்கறேன்.

அம்புரோஸ்: திட்டினா பரவால்லபா...

ஐரீன்: திட்டினா பரவால்ல, பாத்துட்டாத்தான் பேஜாரு. எண்ணூர் முகத்துவாரத்துல மண்ணு வாரற கப்பல்ல வேலைக்கு சேந்தான்ல? அன்னிலேர்ந்து புள்ளகிட்ட பேச்சு கெடையாது.

அம்புரோஸ்: பின்ன? டக்கு ஓட்டுனவன் புள்ள டக்கு ஓட்டணும். இவன் கடலுக்கே தூர் வாரப் போயிட்டான்! ஆர்பர்ல என் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது? செத்தாலும் அவன் கப்பல் பக்கம் திரும்ப மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணேன்.

ஐரீன்: பாவம், இவரு திரும்பல. மானிட்டரத்தான் திருப்பினாரு.

மஜீது: அப்போ இத்தினி நாளா நீங்க பாத்துக்கினு இருந்தது...

அம்புரோஸ்: ஆர்பர! நடுவுல அவன் கப்பலு நின்னா அதுக்கு நான் இன்னா பண்றது?

ஐரீன்: அந்தக் கப்பலு பேரும் ஒட்டிக்கிச்சு மஜீது. பக்கத்துல வளையல் மாதிரி ஒரு வட்டம்.

அம்புரோஸ்: அதான் கேவலம்! டெய்லி பொழுது சாயறப்போ, அவன் ஸ்டியரிங் புடிக்கிற நேரம் பாத்து, அந்தக் கப்பலு நின்ன எடத்துலயே ஒரு சுத்து சுத்தும். எதுக்கு? அங்க மண்ணு வாரற வேலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. 'லெப்டு ஒடிடா, லெப்டு'ன்னு தொண்டை கிழியக் கத்துவேன். எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்கே கேட்டிருக்கும். டீசலு இன்னா, உங்கொப்பன் வூட்டுதான்னு...

ஐரீன்: அவங்கொப்பன் நீதான்.

மஜீது: முடிவு சொல்லுங்க அங்கிள். ஃப்ரெடி வாங்கினதும் முப்பத்திநாலுதான். அத்தையே வாங்கினா, பழச எடுத்துட்டு சத்தமில்லாம வெச்சிடலாம். ஃப்ரெடிக்கு சந்தேகமே வராது. நாப்பத்தொம்பதுன்னா பழவேற்காடு வரைக்கும் தெரியும், ஆனா மாட்டிக்குவீங்க.

அம்புரோஸ்: சின்னதே கட்டு. மானம் முக்கியம்... பெருசுல அந்த முகத்துவாரம் எம்மாம்பெருசா தெரியும்?

மஜீது: ஒரு சாணு வரும்.

அம்புரோஸ்: ஒரு சாணா... கப்பலு?

மஜீது: கட்டை வெரலாட்டம் தெரியும்.

அம்புரோஸ்: ...வேணாம், வேணாம். சின்னதே கட்டு.

ஐரீன்: கட்டாத மஜீது. பெருச எடு.

அம்புரோஸ்: இன்னாமே, லூசா நீ? நாளைக்கு அவன் வந்து பாத்தான்னா...

ஐரீன்: அவனுக்குத் தெரியாம இருந்தாத்தான? நீ அரிசி டிரம்முகிட்ட குந்தின மொத நாளே நான் போன்ல சொல்லிட்டேன். அன்னிலேர்ந்து அந்தக் கேப்டன் கால்ல விழாத கொறையா கேட்டு, டெய்லி ஒரு சுத்து சுத்தி உனக்கு டாட்டா காட்டிக்கினு கீறான் புள்ள. சின்னதுல பாத்தா அது உனக்கு ஸ்டியரிங் கோளாறாத் தெரியுது... பெருசே வாங்குய்யா.