ஐசக் உள்ளே வந்த செவ்வாய்க்கிழமை

இன்னைக்குப் பயிற்சியில அடுத்த விஷயத்துக்குப் போறதுக்கு முன்னாடி... உங்ககிட்ட ஒரு கதை சொல்லணும்னு தோணுது. சின்னதுதான். கையில இருக்கிற ஃபைலைக் கொஞ்சம் மூடி வெச்சிட்டுக் கேளுங்க.

நாகர்கோவில்ல நவமணின்னு ஒரு அம்மா. காசநோய்க்கு மருந்து சாப்பிடறவங்களோட பதிவேட்டைக் கம்ப்யூட்டர்ல நடத்திக் குடுக்கிற ஒரு சின்னக் கம்பெனியில வேலை. யாருக்கு நோய், எந்தத் தெரு, மருந்து எத்தனையாவது மாசம்... எல்லாம் அரசாங்கத்தோட கிளவுடுல இருக்கும். கிளவுடுன்னா மேகம். ஆனா அந்த மேகம் வானத்துல இல்லை. எங்கேயோ குளிர்ந்து கிடக்கிற ஒரு அறையில, பச்சை விளக்கு மினுக்கிட்டு, வரிசை வரிசையா நிக்கிற மெஷின்கள். அதுக்குள்ள... பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாத ஆயிரக்கணக்கான பேரோட ரகசியம், மெதுவா மூச்சு விட்டுக்கிட்டுத் தூங்குது.

அது பத்திரமா தூங்குதான்னு வருஷா வருஷம் அரசாங்கம் கேக்கும். முந்நூறு கேள்வி. பதில் எழுதறது நவமணி. எண்ணூத்தி நாற்பது பக்கம். ஜன்னலுக்கு வெளியே மலை மேல மழை இறங்கும், உள்ள இவங்க டைப் அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. சென்னையில ஆய்வு அதிகாரி ஹபீபுல்லா அதைப் படிச்சு, 'சரி'ன்னு ஓரத்துல குறிச்சுக் கையெழுத்துப் போடுவார். பதினோரு வருஷம். ஒருத்தரை ஒருத்தர் பாத்ததில்லை. குரல்கூடத் தெரியாது.

அந்த எண்ணூத்தி நாற்பது பக்கத்துல ஒரு வரி உண்டு. "பணியிலிருந்து விலகும் ஊழியரின் நுழைவு அனுமதி அன்றே நீக்கப்படும்." நல்ல வரி இல்லையா? பதினோரு வருஷமும் அதே வரி. தேதி மட்டும் மாறும்.

ஒரு நாள் உத்தரவு வந்தது. இனிமே கத்தை கத்தையா காகிதம் வேண்டாம். பதிலை மெஷினே படிச்சுத் தினமும் சரிபாக்கற மாதிரி குடுங்க. ஒவ்வொரு பதிலுக்கும் மூணு கட்டம். விதி என்ன, பொறுப்பு யாரு, உண்மைன்னு காட்டற பட்டியல் எங்கே.

நவமணிக்குப் பயம். மெஷினே படிச்சுக்கும்னா எனக்கு என்ன வேலைன்னு நெனச்சாங்க. இருந்தாலும் உக்காந்தாங்க. பக்கம் பக்கமா எழுதினதை எல்லாம் பிச்சுப் பிச்சு, கட்டம் கட்டமா வெச்சாங்க. அந்த வரி வந்தது. விதி... எழுதியாச்சு. பொறுப்பு... எழுதியாச்சு. பட்டியல்?

பதினோரு வருஷத்துல முதல் தடவையா, பதிவேட்டுக்குள்ள யார் யார் நுழையலாம்னு இருக்கிற அந்தப் பட்டியலைத் திறந்து பாத்தாங்க.

வேலையை விட்டுப் போன பதினாலு பேரோட அனுமதி அப்படியே திறந்து கிடக்கு. அதுல ஒரு பேரு... ஐசக். இவங்களுக்கு எதிர் சீட்டுல உக்காந்து வேலை பாத்தவர். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மாரடைப்புல போயிட்டார். அடக்கத்துக்கு இவங்களே போய் மண் போட்டிருக்காங்க. பக்கத்துக் கட்டத்துல, அவர் கடைசியா உள்ளே வந்த தேதி இருக்கு.

போன செவ்வாய்க்கிழமை.

அந்த அம்மா ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தாங்களாம். பயமா இல்லையாம். கனவுல நடக்கிற மாதிரி இருந்ததாம். ஒரு நிமிஷம், ஐசக் நெஜமாவே வந்துட்டுப் போனாரோன்னு தோணுச்சாம்.

இப்ப நீங்க சொல்லுங்க. அந்த இடத்துல நீங்க இருந்தா என்ன செய்வீங்க? ஒரு பட்டனைத் தட்டினா பதினாலும் மூடிடும். பட்டியல் சுத்தம். யாருக்குத் தெரியப் போகுது?

நவமணி பதினாலையும் மூடினாங்க. மூடிட்டு... ஃபோனை எடுத்து ஹபீபுல்லாவைக் கூப்பிட்டாங்க. "சார், பதினோரு வருஷமா நான் எழுதின ஒரு வரி பொய்."

 ஹபீபுல்லா சொன்னார். "பதினோரு வருஷமா நான் அதுக்குச் சரின்னு போட்டிருக்கேன், மேடம். ரெண்டு பேரும் சேர்ந்தே எழுதிக் குடுப்போம்."

எழுதிக் குடுத்தாங்க. விசாரணை வந்தது. ஐசக்கோட பழைய லேப்டாப்பை வீட்டுல வித்திருக்காங்க. பாஸ்வேர்டு அதுக்குள்ளயே இருந்திருக்கு. வாங்கினவன் சும்மா திறந்து பாத்திருக்கான். முப்பத்தொரு பேரோட பேரு, விலாசம், நோய். கம்பெனி இந்த வேலையைப் பாக்க அரசாங்கம் குடுத்த அனுமதி ரெண்டு மாசம் நின்னுச்சு. நவமணிக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரலை. ஹபீபுல்லாவை வேற பிரிவுக்கு மாத்திட்டாங்க.

அந்த முப்பத்தொரு பேருக்கும் விஷயத்தைச் சொல்லணுமே... அதையும் நவமணியே கேட்டு வாங்கிக்கிட்டாங்க. ஒவ்வொருத்தரா கூப்பிட்டாங்க. சிலர் திட்டினாங்க. ஒருத்தர் பேசாம வெச்சிட்டார். தக்கலையில துணி தைக்கிற ஒரு பொண்ணு, கல்யாணம் நிச்சயமானவ, பேரைச் சொல்லலை நான். முழுசாக் கேட்டா. தையல் மெஷின் ஓடற சத்தம் நின்னுச்சு.

"இப்ப மூடிட்டீங்களாக்கா?"

"மூடிட்டோம்மா."

"நாளைக்கும் மூடியிருக்குமா?"

எண்ணூத்தி நாற்பது பக்கத்துல அந்தக் கேள்விக்குப் பதில் இல்லீங்க. காகிதத்துக்குத் தெரிஞ்சதெல்லாம் கையெழுத்துப் போட்ட நாள் மட்டும்தான். ஆனா நவமணியால அன்னைக்குப் பதில் சொல்ல முடிஞ்சது. "தினமும் காலையில ஆறு மணிக்கு மெஷினே போய்ப் பாக்கும்மா. ஒண்ணு திறந்திருந்தாலும் எனக்குத்தான் முதல்ல சொல்லும்."

அந்தப் பொண்ணு "சரிக்கா"ன்னா. தையல் மெஷின் மறுபடி ஓட ஆரம்பிச்சது.

இங்க உக்காந்திருக்கிற உங்கள்ல பாதிப் பேர் கேக்கறீங்க... இத்தனை வருஷம் எழுதின ஃபைலை எல்லாம் ஏன் மாத்தணும்னு. மெஷின் நம்மளை விடப் பெரிய அறிவாளி, அதனாலன்னு நான் சொல்ல வரலை. அதுக்கு நம்ம எழுத்து நடையோட அழகு புரியாது. அதுதான் நமக்கு நல்லது. "நீக்கப்படும்"னு எழுதினா, நீக்கியாச்சான்னு கேக்கும். இன்னைக்குக் கேக்கும், நாளைக்குக் கேக்கும், சலிச்சுக்காம கேக்கும். ஆனா இல்லைன்னு பதில் வர்ற அன்னைக்கு, ஃபோனை எடுத்து உண்மையைச் சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும். அந்த வேலையை எந்த மெஷினுக்கும் குடுக்க முடியாது. அது உங்க வேலை.