பதினைந்து நிமிடத் தண்ணீர்

அந்தத் திரவத்தின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கோழித் தீவனத்தில் கலக்கிற சாமான். மெதியோனின் என்ற அமினோ அமிலத்தின் வழியில் வந்தது. கபில நிறம், சீனிப்பாணிபோல் ஒழுகும், அவித்த முட்டைக்கோவா மணம். அளவோடு சேர்த்தால் கோழிக்கு இறகு நன்றாக முளைக்கும். கலக்காமல் கண்ணில் பட்டால்தான் பொல்லாதது. கடும் அமிலம்.

இதெல்லாம் பாதுகாப்புத் தாளில் பிரெஞ்சில் இருக்கிறது. மொன்ட்ரியால்-நோரில் எங்கள் களஞ்சியத்தில் ஒன்பது தமிழர். பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். ஆலையில்லா ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரை. புதிய சாமான் வந்தால் தாளை நான் தமிழில் சொல்வேன், அவர்கள் கையெழுத்து வைப்பார்கள். பதினாலு வருடமாக அப்படித்தான். வீட்டுக் கடிதங்கள், பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கார்டெறிப் படிவங்கள், எல்லாம் என்னிடம்தான் வரும். சிவநேசம் அண்ணை சொன்னால் சரி என்பார்கள். அதில் எனக்குச் சந்தோஷம் இருந்தது. இல்லையென்றால் பொய்.

அந்த ஒன்பது பேரில் ஒருவன் டனிஸ்ரன். நல்லவன். முப்பது வயது, கைக்குழந்தை ஒன்று. மாசியில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னான்: "அண்ணை, நான் பிரெஞ்சு வகுப்புக்குப் போறன். பேந்து உங்களுக்குக் கரைச்சல் தரமாட்டன். மற்ற ஆக்களுக்கும் நானே வாசிச்சுக் குடுப்பன்."

"நல்லது தம்பி," என்றேன். சோற்றுப் பெட்டியைப் பாதியில் மூடிவைத்தேன்.

பங்குனியில் இந்தத் திரவம் வந்தது. எல்லோரையும் கூட்டி வைத்துத் தாளைச் சொன்னேன். கையுறை சொன்னேன், சப்பாத்து சொன்னேன். கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி போட வேண்டும் என்ற வரியைச் சொல்லவில்லை. பம்பின் குழாயைக் கழற்றுகிறவன் டனிஸ்ரன் மட்டும்தான். மற்றவர்களுக்கு அந்த வரி தேவைப்படாது.

அது வந்த மூன்றாம் கிழமை குழாய் விடுபட்டு அவன் முகத்தில் அடித்தது. நான்தான் முதலில் ஓடினேன். அதை எல்லோரும் பார்த்தார்கள். றெக்ஸ் என்ற பெடியன், எங்களோடு வேலை செய்கிறவன், தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் வந்தான்.

"அண்ணை, எரியுது. தண்ணி ஊத்தட்டோ?" என்று டனிஸ்ரன் கேட்டான்.

பதினைந்து நிமிடம் விடாமல் கழுவ வேண்டும் என்பது தாளில் இருக்கிறது. எனக்கு அது மனப்பாடம். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"வேண்டாம் தம்பி. இதுக்குத் தண்ணி படக்கூடாது எண்டு தாளிலை கிடக்கு. கண்ணை இறுக்கி மூடு."

மூடினான். றெக்ஸும் போத்தலோடு நின்றுவிட்டான். ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். அழுதேன், ஐயா. அது நடிப்பில்லை.

இப்போது அவனுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. வகுப்புக்கும் போவதில்லை. ஞாயிறுதோறும் அவன் வீட்டுக்குப் போய்க் கடிதங்களை வாசித்துச் சொல்கிறேன். அவனுக்கு வந்த உங்கள் விசாரணை அலுவலகக் கடிதத்தையும் நான்தான் வாசித்தேன். தண்ணீர் ஊற்றாமல் தடுத்தது யார் என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் வாசிக்காமல் விட்டேன்.

"நீங்கள் இல்லாட்டி எனக்கு ஆர் அண்ணை?" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

நான் செய்ததுதான். மறுக்கவில்லை. ஆனால் என்னை உள்ளே வைத்தால் டனிஸ்ரனுக்கு யார் வாசித்துச் சொல்வார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.