கல்வேலியைக் காணக் கடல் கடந்த நீதியரசர்

தீவகத்துச் சரவணை மண்ணில் பிறந்து, சட்டக் கலையில் சிறந்து, உயர் நீதிமன்றின் உன்னத ஆசனத்தில் அமர்ந்து, அறுபத்தைந்தாம் அகவையில் ஓய்வு பெறும் நீதியரசர் மீனாம்பிகை அரியநாயகம் அம்மையாரே! நீங்கள் முதன்முதலில் நீதவானாய் அமர்ந்த தீவக நீதிமன்றின் ஊழியர்கள் உவகை பொங்க உங்களை வரவேற்கிறோம். இளையோரும் அறியட்டும் என்று, உங்கள் கதையொன்றை உங்கள் முன்னிலையிலேயே சபைக்குச் சொல்கிறோம்; பொறுத்தருள்க!

அம்மையார் இங்கு வந்த முதலாண்டில் நெடுந்தீவிலிருந்து ஒரு வழக்கு வந்தது. கால் ஏலாத அல்போன்சம்மா நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போகும் ஒழுங்கையைப் பக்கத்துக் காணிக்காரர் தயாபரன் கல்வேலி கட்டி மறித்துவிட்டார். அவர் காட்டிய வரைபடத்தில் ஒழுங்கையே இல்லை. அதை நம்பிய அம்மையார், வேலி இருக்கட்டும் என்று இடைக்காலக் கட்டளை வழங்கினார்.

அடுத்த தவணைக்கு அல்போன்சம்மா வரவில்லை. வழக்கைத் தள்ளிவிடுமாறு தயாபரனின் சட்டத்தரணி கேட்டார். பதிவாளர் பஸ்ரியாம்பிள்ளை மெல்ல எழுந்தார். "கடல் அடிக்குது அம்மா. அந்தக் காலோட அவவாலை வள்ளத்திலை ஏற ஏலாது."

அம்மையாரின் பேனா நின்றது. "அவவாலை வர ஏலாதெண்டால் நாங்கள் போவம்."

தீவில் பிறந்தும் அம்மையாருக்குக் கடல் ஒத்துவராது என்பதை அந்தப் பயணத்தில்தான் அறிந்தோம்! வள்ளம் புறப்பட்ட குறிகட்டுவான் துறை கண்ணுக்கு மறையுமுன்னே தலைச்சுற்றும் வாந்தியும் தொடங்கிவிட்டன.

"திரும்புவமோ அம்மா?" என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

"திரும்பினாலும் இதே கடல்தானே!" என்று சிரித்துவிட்டு அம்மையார் மறுபடியும் குனிந்தார்.

கரையேறியதும் அல்போன்சம்மாவின் வாளியை வாங்கிக்கொண்டு, வேலியைச் சுற்றிக் கிணறுவரை தாமே நடந்தார். அரை மணி நேரம் பிடித்தது. வேலியின் அப்பக்கம், பலகாலம் கால்பட்டுத் தேய்ந்த பாதை கிணற்றடிவரை தெளிவாய்க் கிடந்தது. அம்மையாரின் முகம் வாடிற்று.

அடுத்த கிழமை கடல் அடங்க, அல்போன்சம்மாவும் வள்ளமேறி வந்திருந்தார். நிறைந்த மன்றில், "என்ர இடைக்காலக் கட்டளை பிழை. அதாலை இந்த அம்மா இரண்டு மாதம் கஷ்டப்பட்டிட்டா" என்று சொல்லிய பின்னரே, பாதையைத் திறக்கும் தீர்ப்பை வாசித்தார். தன் பிழையைத் தானே சொன்ன நீதவானை நாங்கள் அதற்குமுன் கண்டதில்லை!

"நாளைக்கே கல்லை எடுக்கிறன் அம்மா" என்றார் தயாபரன்; எடுத்தும் விட்டார். அல்போன்சம்மாவோ கூண்டில் நின்றபடியே, "இப்ப தலைச்சுத்துச் சுகமோ அம்மா?" என்று கேட்க, மன்றமே சிரித்தது. அம்மையாரும் சிரித்தார்.

மாவட்ட நீதிமன்றம், மேல் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம் என ஏறி, உச்ச ஆசனம் அடைந்த பின்னும், "இதைப் போய்ப் பார்த்தது யார்?" என்ற அவரது கேள்விக்குக் கொழும்புச் சட்டத்தரணிகள் அஞ்சினார்கள்.

அம்மையாரே! இனி வரும் ஆண்டுகள் உங்களுக்கு நோயற்றவையாய், நிறைந்த நித்திரையும் நல்ல பசியும் உள்ளவையாய் நீளட்டும்! நீதிபதி நுழைகையில் எழுந்து நிற்பது மன்றின் ஒழுங்கு. ஓய்வு பெற்றவர்க்கு அது இல்லை. ஆயினும் சற்றுமுன் நீங்கள் இம்மண்டபத்துள் வந்தபோது நாங்கள் அனைவரும் எழுந்தோம். "இருங்கோ, இருங்கோ" என்று கை காட்டினீர்கள். ஒருவரும் உட்காரவில்லை. உங்கள் கட்டளையை நாங்கள் மீறியது இதுவே முதல் தடவை.

அன்பு மாறா,
தீவக நீதிமன்ற ஊழியர்கள்