இணைப்பு அறுந்தால் பெய்சூவைக் கூப்பிடு

ஏசியைக் குறைக்க வேண்டாம், ஐயா. எனக்குக் குளிர் பழக்கம். கோடையிலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கணினி அறையில் வேலை பார்த்தவள் நான். தேநீருக்கும் நன்றி.

ஜியாயியில் எங்கள் மருத்துவமனையில் இணைப்பு ஏன் அடிக்கடி அறுந்தது என்று கேட்டீர்கள். எளிமையாகவே சொல்கிறேன். எங்களிடம் பழைய பெரிய கணினி ஒன்று இருந்தது. பீரோ உயரம், கறுப்பு நிறம். யாருக்கு என்ன மருந்து, யாருக்கு எது ஆகாது என்பதெல்லாம் அதற்குள்தான். வார்டுகளில் இருப்பவை புதுக் கணினிகள். பழையதன் பேச்சு அவற்றுக்குப் புரியாது. நடுவில் கேட்வே என்றொரு சர்வர் நின்று, இங்கே கேட்பதை அங்கே சொல்லி, பதிலை வாங்கிவரும். அது நின்றுபோனால் வார்டில் திரை வெறுமையாகிவிடும். எந்த ஊசி யாருக்கு விஷம் என்று டாக்டருக்குத் தெரியாது.

கேட்வேயைக் கொண்டுவந்தவர் லாய். தைப்பேயிலிருந்து வந்த பொறியாளர், என்னைவிட இளையவர், நல்லவர், கெட்டிக்காரர். அது கொஞ்ச காலம் ஒழுங்காக ஓடிவிட்டால் எல்லாவற்றையும் புதுக் கணினிக்கு மாற்றிவிட்டு, பழையதைக் காயலான் கடைக்கு அனுப்புவதாகத் திட்டம். என் பணிக்காலத்தில் ஒருநாள்கூடப் படுக்காத இயந்திரம் ஐயா அது. புத்தாண்டு விருந்துக்குக்கூட வீட்டுக்குப் போகாமல் அதன் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அதை எடைக்குப் போடுவார்களாம். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

ஆகவே கேட்வே ஒழுங்காக ஓடாமல் பார்த்துக்கொண்டேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. கேட்வே தன் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்லித்தான் பழைய கணினிக்குள் நுழையும். அதே பெயரில் யாராவது தப்பான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்தால், பழைய கணினி சந்தேகப்பட்டு அந்தப் பெயரையே பூட்டிவிடும். நான் என் மேசையில் உட்கார்ந்தபடி அடிப்பேன். அவ்வளவுதான்.

லாய் ஓடிவருவார். கேபிளை மாற்றுவார், கேட்வேயை அணைத்துப் போடுவார், மென்பொருளை மறுபடி ஏற்றுவார். என் பக்கம் எல்லாம் சரி என்பேன். பழையதற்குள் போகும் உரிமை எனக்கு மட்டும் இருந்ததால் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அவர் நன்றாக வியர்த்த பிறகு பூட்டைத் திறந்துவிடுவேன்.

"எப்படிக்கா சரியாச்சு?" என்பார்.

"தெரியல தம்பி. உன் கேட்வேக்கு இன்னிக்கு மனசு சரியில்ல போல."

கேட்வேயின் தலையில், எங்கள் ஊரில் எல்லாக் கணினி அறையிலும் வைப்பதுபோல, தேங்காய் வாசனைச் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று வைத்திருந்தோம், அதன் பெயருக்கே சமர்த்து என்றுதான் பொருள், இயந்திரமும் சமர்த்தாக இருக்கட்டும் என்று. பச்சைப் பொட்டலமாக இருக்கவேண்டும், பிரிக்கக் கூடாது, தேதி தாண்டக் கூடாது. விசாரணைக்கு வந்த துறைத்தலைவர், அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கியவர், முதலில் பொட்டலத்தைத்தான் திருப்பிப் பார்த்தார். தேதி தாண்டியிருந்தது. லாய்க்குச் செம திட்டு. பழைய கணினியின் லாக்கை, அதாவது யார் எப்போது நுழையப் பார்த்தார்கள் என்று அது எழுதிவைக்கும் பதிவேட்டை, பார்க்கலாமா என்று லாய் மெதுவாகக் கேட்டார்.

"மொதல்ல பொட்டலத்த மாத்துப்பா. லாக் எங்க ஓடிப்போகுது?" என்றார் தலைவர்.

புதுப் பொட்டலம் வந்தது. ஊதுபத்தி கொளுத்தினால் தீ எச்சரிக்கை மணி அடிக்கும் என்பதால் கைகூப்புவதோடு நிறுத்திக்கொண்டார்கள். நானும் மரியாதைக்காகச் சில வாரம் கைவைக்கவில்லை. பொட்டலத்தின் மகிமையை எல்லோரும் பேசிக்கொண்டார்கள். லாக்கை எல்லோரும் மறந்தார்கள்.

யாருடைய உயிரோடும் நான் விளையாடவில்லை, ஐயா. இணைப்பு இல்லாதபோது வார்டுகள் எனக்குப் போன் செய்யும். என் மேசைத் திரை பழையதோடு நேராகப் பேசுவது. பெயரைச் சொன்னால் பார்த்துச் சொல்லிவிடுவேன். இணைப்பு அறுந்தால் பெய்சூவைக் கூப்பிடு என்று தாதிகள் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்த நேரங்களில் மருத்துவமனைக்கு நான்தான் கேட்வே. சந்தோஷமாக இருந்தது.

பழையதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று இயக்குநர் முடிவெடுக்க வேண்டிய கூட்டம் வந்தது. போவதற்கு முன் கேட்வேயின் பெயரைப் பூட்டிவிட்டுப் போனேன். லாய் செயல்விளக்கத்துக்குத் திரையைப் போட்டார், வெறுமை. பாவம், காதெல்லாம் சிவந்துவிட்டது. அப்போது என் போன் அடித்தது.

"அக்கா, வார்டுலேர்ந்துதான். எடுங்க," என்றார் லாய்.

போனை மேசை நடுவில் வைத்தேன். "இருக்கட்டும் தம்பி. டைரக்டர் காதுலயும் விழட்டும்."

அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. இயக்குநர் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்திருந்தால், பக்கத்து அறையில் என் மேசைக்குப் போய்ப் பார்த்துச் சொல்ல ஒரு நிமிட வேலை. ஆனால் இணைப்பு இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம் என்று நினைத்துவிடுவார்களே. போன் மணி நின்றபோது முடிவு ஆகியிருந்தது: பழையது இருக்கும், கேட்வே போகும்.

கூப்பிட்டது யூதிங் என்ற தாதி. மருத்துவமனை வாசலுக்கு எதிரே கொய்யா விற்கும் ஷியே அம்மாவைக் கடும் காய்ச்சலோடு கொண்டுவந்திருந்தார்கள். பேச நினைவில்லை, கூட யாருமில்லை. எந்த மருந்து ஆகாது என்று அச்சிட்டு நோயாளியின் கையில் கட்டும் பட்டைகூடக் கேட்வே வழியாகத்தான் அச்சாகும். இன்னொரு முறை கூப்பிடச் சொல்லி டாக்டர் காத்திருந்தார். அதற்குமேல் காத்திருக்க முடியாமல் பென்சிலின் போட்டார். அன்று மாலையே அந்த அம்மா போய்விட்டாள். எனக்கென்று பழுத்த கொய்யாவாக எடுத்து வைப்பவள். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

லாய் எல்லாப் பழியும் தனது என்று ராஜினாமா எழுதிக்கொடுத்தார். போவதற்கு முன் லாக்கை ஒருமுறை பார்க்க அனுமதி கேட்டார், இந்தத் தடவை கொடுத்துவிட்டார்கள். வரிக்கு வரி என் மேசைக் கணினியின் பெயர். கெட்டிக்காரர் என்று நான்தான் அப்போதே சொன்னேனே.

வாக்குமூலத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பூட்டியவள் நான். அடிப்பது வார்டு என்று தெரிந்தே எடுக்காமல் இருந்தவளும் நான். அதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மேலே 'கணினிக் கோளாறால் மரணம்' என்று போட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். ஷியே அம்மாவுக்குப் பென்சிலின் ஆகாது என்பது அந்த நிமிடத்திலும் பழைய கணினியில் சரியாகவே இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.