கடலில்லாக் கண்டிக்குக் கடற்கரை எது?

அரங்கின் தலைமையை அன்போடு ஏற்றிருக்கும் அயலவர் ஒன்றியத்தின் தலைவர் செல்லப்பா ஐயா அவர்களே! அவருக்கு வலப்பக்கம் வீற்றிருக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துப் பெரியவர்களே! இடப்பக்கம் அமர்ந்திருக்கும் கோயில் பரிபாலன சபையின் முதியவர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் அன்னையரே! கதிரை கிடைக்காமல் கதவோரம் நிற்கும் காளையரே! உங்கள் எல்லோருக்கும் என் ஸலாமும் வணக்கமும் உரித்தாகட்டும்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு என்ன தெரியுமா? "கண்டியிலும் கண்டியை அண்டியும் உள்ள தலைசிறந்த கடற்கரைகள்." செயலாளர் தங்கை கஜனி தொலைபேசியில் சொன்னபோது, காது சரியாகக் கேட்கவில்லையோ என்று குழம்பினேன். "கண்டியில் கடற்கரையா தங்கச்சி?" என்றேன். "இல்லண்ணே, நம்ம சங்கத்து ட்ரிப்புக்கு எந்த பீச் நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

சபையோரே! மலை உண்டு நமக்கு, மழை உண்டு நமக்கு, மகாவலி ஆறு உண்டு நமக்கு, மாலையில் காற்று வாங்க வாவிக்கரை உண்டு நமக்கு. கடல் உண்டா? தீவின் நடுவில் பிறந்தவனுக்கு நான்கு பக்கமும் கடல். ஆனால் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் ஒரு பக்கமும் கடல் இல்லை. இதைவிடப் பெரிய குழப்பம் ஒரு மனிதனுக்கு வேண்டுமா?

ஊரில் விசாரித்தேன். நீர்கொழும்பு என்றார் ஒருவர், பக்கம் என்பதால். காலிமுகத்திடல் என்றார் இன்னொருவர், இறால் வடைக்காக. அங்கே குளிக்க முடியுமா என்று கேட்டேன், வடை தின்ன முடியும் என்றார். கல்கிசை என்றார்கள், ஹிக்கடுவை என்றார்கள், மிரிஸ்ஸ என்றார்கள். நிலாவெளியின் வெண்மணல் போல் உலகில் உண்டா என்றார் தலைவரின் துணைவியார் இரத்தினம்மா. அறுகம்குடா என்று கதவோரத்திலிருந்து இப்போது ஒரு குரல் கேட்கிறது. ஆம் தம்பி, அதுவும் உண்டு, கொஞ்சம் பொறுங்கள்! கேட்கக் கேட்கத் தெளிவு வரும் என்று நினைத்தேன். வந்தது தலைவலி.

அந்தக் குழப்பத்தோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அது இப்திகார் நானாவின் வீடு. திகனயில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். அவருடைய மனைவி மஸீனா, இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவரிடம் கேட்டேன், "எந்தக் கடற்கரை நல்லது?" என்று. பதிலாக அவர் தன் தம்பி பஹீமுக்கு நடந்ததைச் சொன்னார். பஹீமின் சம்மதத்தோடுதான் அதை இங்கே சொல்கிறேன்.

பஹீமை உங்களுக்குத் தெரியும். மச்சானின் கடையில் வேலை. மகாவலியில் மூழ்கி எழுந்தால் மறுகரையில்தான் தலை தெரியும். அப்படிப்பட்ட நீச்சல்காரன். முந்திய வருடம் பெப்ரவரியில் அந்தக் குடும்பம் தென்கரையில் ஒரு கடற்கரைக்குப் போனது. ஊர் பெயரைச் சொல்லமாட்டேன், ஊரின் மேல் குற்றமில்லை. அன்று கடல் கண்ணாடி. கால் நகம் தெரிந்ததாம் தண்ணீருக்குள். அந்த ஆசை விடுமா? கண்டிப் பெரஹெர ஊர்வலம் வந்தது. வீதிகள் மூடப்பட்டன, வியாபாரம் மந்தமானது. "வாங்க, அதே எடத்துக்கே போவோம்" என்று பஹீம் வேனைக் கிளப்பினார்.

மாதம் ஆகஸ்ட். கடல் கறுத்திருந்தது. கரையில் ஒரு சிவப்புக் கொடி படபடத்தது. மலைநாட்டு மக்களுக்குக் கடற்கொடியின் மொழி தெரியுமா?

"கொடி ஈக்கிற எடந்தானே குளிக்கிற எடம்?" என்றார் மஸீனா.

"ஓ ராத்தா. பெப்ரவரில குளிச்சமே, அதே கடல்தான், பயப்புடாதீங்க" என்று அக்காவுக்குச் சொல்லிவிட்டு இறங்கினார் பஹீம்.

இறங்கினார். நீந்தினார். கரை அங்கேயே நிற்க, அவர் மட்டும் பின்னால் போனார். கை வீசினால் முன்னால் போவதுதானே நீச்சல்? வீச வீசப் பின்னால் போவது என்ன நீச்சல்? ஆறு இழுத்தால் அடுத்த வளைவில் விட்டுவிடும். கடல் எங்கே விடும்? அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையைத் தூக்கினார்.

கரையில் இப்திகார் நானா போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "பாருங்க பாருங்க, நம்மளுக்குக் கை காட்டுறான்!" என்று மகிழ்ந்து தானும் கை காட்டினார். அங்கே ஒரு கை உயர்ந்தது, இங்கே ஒரு கை உயர்ந்தது. அங்கே உயிர் போகிறது, இங்கே உற்சாகம் பொங்குகிறது! மஸீனா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இல்லங்க... அவன் சிரிக்கல்ல. அவன் கூப்புடுறான்!"

அந்தத் தாயுள்ளம் போட்ட சத்தத்தில் உயிர்காப்பு இளைஞர் ஒருவர் மிதவையோடு பாய்ந்தார். பஹீமைப் பற்றிப் பக்கவாட்டில் இழுத்துக் கரை சேர்த்தார். மணலில் கிடந்து உப்புத் தண்ணீரைக் கக்கிய பஹீம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "இது அதே கடல்தானா?" அந்த இளைஞர் கோபிக்கவில்லை. "கடல் அதேதான், காற்றுத்தான் மாறிவிட்டது. இந்தப் பக்கம் பெப்ரவரியில் வாருங்கள். இந்த மாதங்களில் குளிக்க ஆசை என்றால் கிழக்குப் பக்கம் போங்கள். சிவப்புக் கொடி பறந்தால் எந்தப் பக்கத்திலும் இறங்காதீர்கள்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

உயிர் வந்தது. ஆனால் முழு மனிதன் வந்தானா?

மகாவலிப் பக்கம் போவதை நிறுத்தினார் பஹீம். பாலத்தைக் கடக்கும்போது பஸ் யன்னலை மூடுவாராம். வீட்டில் எவரிடமும் எதுவும் சொல்லவில்லை. புது வருடம் பிறந்தபின் ஒரு சம்பந்தம் வந்தது. பெண் அபீபா, படித்த பிள்ளை, பாலர் பாடசாலை ஆசிரியை. படத்தைப் பார்த்தார் பஹீம், முகம் மலர்ந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். "எந்த ஊரு?" என்று கேட்டார். "ஓட்டமாவடி" என்றார்கள். மலர்ந்த முகம் வாடியது. "வேணாம்" என்று எழுந்து போய்விட்டார்.

குழப்பம் குடிகொண்டது வீட்டில்! தூரம் என்று நினைக்கிறானோ என்றார் மஸீனா. வேறு யாரும் மனதில் இருக்கிறார்களோ என்றார் இப்திகார் நானா. ஓட்டமாவடியிலிருந்து தொலைபேசியில் பெண்ணின் தாயார் கேட்டார். "எங்கட புள்ளையில என்ன குறை கண்டீங்க? அதையாவது சொல்லுங்க." என்ன சொல்வது? சொல்ல வேண்டியவர் வாய் திறக்கவில்லையே! அங்கே ஒரு பெண் கண்ணாடிமுன் நின்று தன்னில் குறை தேடிக்கொண்டிருந்தாளே, அது யார் செய்த பாவம்?

ஒருநாள் சமையலறையில் மஸீனா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். பஹீம் வந்து நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ராத்தா, அவங்கட ஊட்டுலேருந்து கடல் எவ்ளோ தூரம்?"

அம்மாமாரே, ரொட்டி கருகியது. அக்காவுக்கு விளங்கியது. பெண்ணிலே குறையில்லை, தூரத்திலே குறையில்லை, வேறொருத்தியும் இல்லை! ஓட்டமாவடிக்குப் பக்கத்தில்தானே பாசிக்குடாக் கடற்கரை? விருந்துக்குப் போனால் மாமனார் கடலுக்குக் கூட்டிப் போவார். மைத்துனர்மார் குளிக்கக் கூப்பிடுவார்கள். இறங்கமாட்டேன் என்று ஓர் ஆண்பிள்ளை எப்படிச் சொல்வது? அந்த வெட்கம் அவர் வாயைக் கட்டியிருந்தது.

மே மாதம் மஸீனா ஒரு முடிவெடுத்தார். "பொண்ணூட்டுக்குப் போவோம். போற வழில கடலப் பாப்போம்" என்றார். என்னையும் என் மனைவியையும் கூட அழைத்தார். மஹியங்கனை மலைப்பாதை வளைவுகளில் வேன் சுழன்று சுழன்று இறங்கியது. இனி நான் சொல்வது, நானே கண்ணால் கண்டது.

பாசிக்குடாவில் கொடி பார்த்தோம், காவலரைக் கேட்டோம், குளிக்கலாம் என்றார். நீலம் என்றால் நீலம், அப்படி ஒரு நீலம்! நிசப்தம் என்றால் நிசப்தம், அப்படி ஒரு நிசப்தம்! அலையைத் தேடினேன், காணவில்லை. பஹீம் மணலில் அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மஸீனா செருப்பைக் கழற்றினார். நீந்தத் தெரியாதவர் அவர். கணுக்காலுக்குமேல் கடலை அறியாதவர். அணிந்திருந்த அபாயாவோடு அப்படியே தண்ணீருக்குள் நடந்தார். முழங்கால் வந்தது, நடந்தார். கரை தூரமானது, நடந்தார். இப்திகார் நானா பதறிப்போய்ப் பின்னால் ஓடினார். இடுப்பளவில் நின்று திரும்பினார் அந்தப் பெண்.

"தம்பி! எனக்கு நீந்தத் தெரியாது. நானே நிக்கிறேன் பாரு!"

பஹீம் கண்ணைத் திறந்தார். அக்கா கடலில் நிற்பதைக் கண்டார்.

"ராத்தா, வெளிய வாங்க!" என்று கத்தினார்.

"நீ வந்து கூட்டிட்டுப் போ!"

எழுந்தார். ஓரடி வைத்தார், நின்றார். இன்னோரடி வைத்தார், நின்றார். பயந்து பயந்து, அழுது அழுது அந்த நீச்சல்காரர் இடுப்பளவுத் தண்ணீரை நடந்து கடந்தார். அக்காவின் கையைப் பிடித்தார். சிரித்தாரா அழுதாரா எனக்குத் தெரியவில்லை. முகம் முழுக்க உப்புத் தண்ணீர், எது கடல் எது கண்ணீர் என்று நான் எப்படிப் பிரிப்பேன்?

ஈர உடுப்போடுதான் பெண் வீட்டு வாசலில் நின்றார்கள். பெண்ணின் தாயார் திகைத்தார். பஹீம் நேராகச் சொன்னார். "எனக்குக் கடலுக்குப் பயம் மாமி. அதுதான் வேணாம்னு சொன்னேன். உங்க புள்ளையில ஒரு குறையும் இல்ல." திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கு மலைல பஸ்ஸுல போகப் பயம். நான் ஒண்டும் சொல்லல்லையே?" அதுதான் அபீபா! கைதட்டுங்கள், தட்டலாம்! நிக்காஹ் முடிந்தது. இன்று அவர் நம் ஊர் அம்பிட்டியவின் மருமகள். மஸீனாவுக்குப் பக்கத்தில் இருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே அவையோரே, தலைசிறந்த கடற்கரை எது? தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். நம் பயணம் ஆகஸ்ட் விடுமுறையில் என்கிறார்கள். அப்படியென்றால் ஹிக்கடுவையும் மிரிஸ்ஸவும் பெப்ரவரிக்குக் காத்திருக்கட்டும். கிழக்கே போவோம். கிழக்கே என்றால் நிலாவெளியா, பாசிக்குடாவா? நிலாவெளி என்றால் போகும் வழியில் கோணேஸ்வரம் கோயிலில் கும்பிடலாம். பாசிக்குடா என்றால் அபீபாவின் வீட்டில் சாப்பிடலாம். நேற்றுவரை நிலாவெளி என்றிருந்தேன். காலையில் பாசிக்குடா என்று மாறினேன். மேடை ஏறும்போது மறுபடியும் நிலாவெளி. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை! பேச வந்தவனே குழம்பினால் கேட்க வந்தவர்கள் என்ன செய்வீர்கள்?

மஸீனா தங்கச்சி, நீங்களே எழுந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒலிவாங்கியைக் கொடுங்கள் அவரிடம்.

"எனக்கு மேடைப்பேச்செல்லாம் தெரியாதுங்க. எந்தக் கடலுக்கும் போங்க. நம்ம புள்ள தண்ணில எறங்கினா, போனக் கீழ வச்சிட்டு மொகத்தப் பாருங்க. அவ்ளோதான்."

கேட்டீர்களா சபையோரே! நான் நெடுநேரம் பேசியும் எட்டாத இடத்தை ஒரு தங்கை எழுந்து நின்று எட்டிவிட்டாள். படம் பிறகு எடுக்கலாம், பந்தி பிறகு வைக்கலாம், பாட்டுப் பிறகு பாடலாம். முகத்தைப் பாருங்கள்! தண்ணீரில் நிற்பவர் சிரிக்கிறாரா, கூப்பிடுகிறாரா என்று பாருங்கள்! கரையில் நிற்கும் நமக்கு அதைவிட என்ன வேலை?

நிலாவெளியா பாசிக்குடாவா என்ற குழப்பத்தைத் தலைவர் அவர்களின் மேசையில் பத்திரமாக வைத்துவிட்டு இறங்குகிறேன். பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், கண் கலங்கிய தாய்மார்க்கும், கதவோரம் கால் கடுக்க நின்ற தம்பிமார்க்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம், வஸ்ஸலாம்.