மூணாங் கிளாஸ் கல்யாணம்

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எம் பொண்ணு கல்யாணம் மூணாங் கிளாஸ்ல நடந்துச்சுக்கா" என்றாள் மூக்குத்தி போட்டவள்.

நரைத்த தலைக்காரி அதிர்ந்து திரும்பினாள். "இன்னாடி சொல்ற? அவ்ளோ சின்ன பொண்ணுக்கா?"

"ஐயோ, வயசு வந்த பொண்ணுதான். கல்யாணத்தன்னிக்கு விடியறப்போ மழை புடிச்சி பந்தல் உழுந்துட்ச்சு. எங்க தெரு சர்ச் ஸ்கூல் பெரிய டீச்சர்கிட்ட ஓடினேன். சாயங்காலம் அங்கதானே நாங்கல்லாம் தையல் கத்துக்கிறோம். மூணாங் கிளாஸைத் தொறந்து உட்டாங்க. பாதிரியார் ஐயாவே பெஞ்சைத் தூக்கி வெளிய போட்டாரு. தோல் ஷாப் பாய் சமையலுக்குப் பெரிய தேக்சா குடுத்தனுப்பினாரு."

"மாப்ள ஊட்ல ஒத்துக்கினாங்களா?"

"எங்க? சகுனம் சரியில்ல, இன்னொரு நாள் வெச்சிக்கலாம்னு மாப்ளயோட அம்மா கெளம்பிட்டாங்க. எனக்கு அழுகையே வந்துட்ச்சு. மாப்ள மட்டும் வாசப்படியில நின்னு உள்ளயே பாத்துனு இருந்தாரு. அப்புறம் சொல்றாரு, 'டீச்சர், இந்த மூலையிலதானே என்னை டெய்லி முட்டி போட வெப்பீங்க?'"

"அட! அங்க படிச்ச புள்ளயா?"

"ஆமாக்கா. டீச்சர் கண்ணாடியைத் தூக்கி நல்லா பாத்தாங்க. 'நீயாடா! சரி, இன்னிக்கி உக்காந்துக்கோ'ன்னாங்க. கெளம்பி நின்ன மாப்ளயோட அம்மாவே சிரிச்சிட்டாங்க. மாப்ள நேரா போய் மணையில உக்காந்துட்டாரு."