கியர் மேல் இருந்த கை

மதியம் மூன்று மணி. படப்பைக்குப் பின்னால் மனை பிரித்துப் போட்டு, இன்னும் ஒரு வீடும் எழும்பாத நீளமான தார்ச்சாலை. இரண்டு பக்கமும் எல்லைக்கல். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது...

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைத்துத்தானே பாயை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்? இது வெயிலில் நடந்தது. நம் ஷெர்லினின் சித்திக்கு. பொய்யென்றால் ஷெர்லின் இதோ இருக்கிறாள், அவளே சொல்லட்டும்.

சித்தி பெயர் மஞ்சுளா. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் லைன் சூப்பர்வைசர். காலை ஷிஃப்ட் முடிந்ததும் கார் பழகப் போவாள். அவள் அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஆட்டோவில் குலுங்கிப் போக அம்மா உடம்பு தாங்கவில்லை. எப்படியாவது லைசென்ஸ் வாங்கிவிட வேண்டும். ஸ்டியரிங் வந்துவிட்டது. கியர்தான் வரவில்லை. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினால்... கர்ர்ர்க். வண்டி தூக்கிப் போடும்.

சொல்லிக்கொடுத்தவர் பாண்டுரங்கன். ஐம்பதைத் தாண்டியவர். இடப்பக்கம் உட்கார்ந்து, கியரைப் பிடித்த அவள் கைமேல் தன் கையை வைத்துவிடுவார். எந்நேரமும் வியர்வையில் ஊறிய கை. விரல் இடுக்கெல்லாம் புண். மூச்சில் புகையிலை.

"கைய லூசா வுடும்மா. வெண்ணெயில எறங்குற மாதிரி எறங்கணும்."

கியர் விழுந்த பிறகும் அந்தக் கை எழுந்திருக்காது. கட்டைவிரல் மட்டும் அவள் மணிக்கட்டை மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் துலக்கும் நாரால் கையைத் தேய்ப்பாள். அந்தக் கையால் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கக் கூசும்.

ஒன்பதாம் நாள் சொல்லிவிட்டாள்.

"சார், கைய எடுங்க."

"கை வெச்சாதான் கத்துக்குவ" என்று சிரித்தார்.

வண்டியை ஓரம் கட்டினாள். இறங்கினாள். வெயிலில் நடந்தே டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், ஓனர் முனிரத்தினத்திடம் சொன்னாள். அவர் அன்றைக்கே பாண்டுரங்கனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வகுப்பு. சொல்லிக்கொடுக்க செங்கமலம் என்று ஒரு அக்கா. அதே வண்டி, அதே சாலை.

முதல் கியரில் கிளம்பினாள். கிளட்சை மிதித்தாள். இரண்டாவது போடக் கியரைப் பிடித்தாள்...

கைமேல் கை வந்தது.

அந்த வெயிலிலும் சில்லென்று. ஈரமாக. கியர் சத்தமே இல்லாமல் இறங்கியது.

"மாத்துனதே தெர்லியே. நல்லாத்தான் போட்ற" என்றார் செங்கமலம்.

மஞ்சுளா திரும்பிப் பார்த்தாள். அந்த அக்காவின் இரண்டு கையும் மடியில், போனைப் பிடித்தபடி இருந்தன.

மூன்றாவதும் வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது. அப்புறம் அந்த நாற்றம்... பீரோவுக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தால் வருமே, அது. கூடவே புகையிலை. மணிக்கட்டில் ஏதோ மெதுவாகத் தேய்த்தது.

பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினாள். கை கியரை விட்டு வரவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்தாள். சளக்... பிய்ந்துகொண்டு வந்தது. புறங்கையில் என்னமோ ஒட்டியிருந்தது. பாலில் ஆடை படியுமே, அந்த மாதிரி. வெளுத்துச் சுருங்கிய தோல். அதில் ரேகை தெரிந்தது. ஒரு முனையில் நகம் இருந்தது.

கதவைத் திறந்து ரோட்டிலேயே வாந்தி எடுத்தாள். செங்கமலமும் பார்த்தார். அவர்தான் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டார். தண்ணீர் ஓடிய இடத்தில் எங்கிருந்தோ ஈ வந்து மொய்த்தது.

அங்கிருந்தே முனிரத்தினத்துக்குப் போன் போட்டு, பாண்டுரங்கன் எங்கே என்று கேட்டாள்.

"நிறுத்துன மறுநாளே செத்துட்டாம்மா. குன்றத்தூர் ரூம்ல, ஒண்டியா. நாலு நாள் கழிச்சி நாத்தம் வந்துதான் கதவ ஒடச்சாங்கோ. நான்தான் கையப் புடிச்சித் தூக்குனேன். தோலு... உறை மாதிரி கயண்டு வந்துச்சி. ஒன்கிட்ட இன்னாத்துக்குச் சொல்றதுன்னு வுட்டுட்டேன்."

மஞ்சுளா அதற்கப்புறம் கியரைத் தொடவில்லை. ஆனால் அம்மாவுக்கு டயாலிசிஸ் நிற்காதே. வேறு ஸ்கூலில் ஆட்டோமேட்டிக் வண்டியில் பழகி, லைசென்ஸ் எடுத்து, அதே மாதிரி ஒரு வண்டியும் வாங்கினாள். கிளட்ச் கிடையாது. ஓட ஓடக் கியரும் மாற்ற வேண்டாம். இடது கை, இடது கால் இரண்டுக்கும் வேலை இல்லை. அதற்காகவேதான் அதை வாங்கினாள்.

போன மாதம் ஒரு நாள். அம்மாவைப் பின்சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு ஒரகடம் மேம்பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். வேகம் அறுபது. பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி. பக்கத்து சீட் காலி. இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

இடது முழங்கால் மேல் ஈரமாக என்னவோ வந்து உட்கார்ந்தது. மெதுவாக... கீழே அமுக்கியது. கிளட்சை மிதிக்கச் சொல்வது போல.

கிளட்சைத் தேடி இறங்கிய காலுக்குக் கீழே அகலமான பிரேக்தான் இருந்தது. வண்டி கிறீச்சிட்டு நடுரோட்டில் நின்றது. லாரி ஹாரனை அலறவிட்டு, ஒரு சாண் இடைவெளியில் ஒதுங்கிப் போனது.

மஞ்சுளாவுக்குக் குனிந்து பார்க்கத் தைரியமில்லை. பின்சீட்டில் அம்மா எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"மஞ்சு... ஆருடி அந்த ஆளு? எதுக்கு ஒன் காலு மேல கைய வெச்சிக்கினு கீறான்?"